குடோன் லைன்: 118 மீட்டர் கேட்6-ஐ எடுத்துவிட்டு ஃபைபர் போட்ட வேலைக்குறிப்பு

முன்னால் இரண்டு மாடி அலுவலகம், பின்னால் தகர ஷீட் வேய்ந்த குடோன். அலுவலகத்தின் முதல் மாடியில் ராக் (சுவிட்சுகள் மாட்டிய அடுக்கு). அங்கிருந்து குடோனின் கடைசி மூலையில் உள்ள பில்லிங் கேபினுக்கு ஒரே ஒரு கேட்6 லைன் (நான்கு முறுக்கு ஜோடிக் கம்பி உள்ள நெட்வொர்க் கேபிள்) போயிருந்தது. கேபினில் 8 போர்ட் சுவிட்ச். அதில் இரண்டு கம்ப்யூட்டர், ஒரு பிரிண்டர், நான்கு பிஓஇ கேமரா (நெட்வொர்க் கேபிள் வழியே மின்சாரம் வாங்குபவை).

புகார் இதுதான்: காலையில் எல்லாம் ஓடுகிறது. வெயில் ஏறியதும் பில்லிங் மென்பொருள் தொங்குகிறது, ராக் சுவிட்சின் விளக்கு கிகாபிட்டிலிருந்து 100 மெகாபிட்டுக்கு இறங்குகிறது, சில மதியங்களில் லிங்க் விழுந்து விழுந்து எழுகிறது. மாலை ஆறு மணிக்குத் தானாகச் சரியாகிவிடுகிறது. இதற்குள் கேபின் சுவிட்சை ஒருமுறை மாற்றியும் பார்த்திருந்தார்கள். சுவிட்சில் குற்றமில்லை. வெயிலோடு வந்து வெயிலோடு போகிற நெட்வொர்க் கோளாறில் முதலில் பார்க்க வேண்டியது கேபிளின் நீளம்.

நீளத்தை எப்படி அளப்பது

கட்டட வரைபடத்தில் ராக்கிலிருந்து கேபின் வரை 92 மீட்டர். "வரம்பான நூறு மீட்டருக்குள்தானே" என்று சொல்லி இழுத்த லைன் இது. ஆனால் கேபிள் வரைபடத்தில் ஓடுவதில்லை. ராக்கிலிருந்து கூரைக்கு ஏறி வெளிச்சுவரில் இறங்க 7 மீட்டர், நேர்க்கோட்டை விட்டுச் சுவரை ஒட்டி வளைந்ததில் 12, கேபினுக்குள் இறங்க 4, இரு முனையிலும் சுருட்டி விட்டது 3. ஆக 26 மீட்டர் கூடுதல்.

இதை அறிய டேப் தேவையில்லை. நல்ல கேபிள் உறையில் மீட்டருக்கு ஒரு எண் அச்சிட்டிருப்பார்கள். ராக் பக்கம் 287, கேபின் பக்கம் 169. கழித்தால் 118. சில பெட்டிகளில் அடிக்கணக்கில் இருக்கும். எண்ணுக்குப் பக்கத்தில் உள்ள அலகைப் பார்த்துக்கொள்ள வேண்டும். 305 மீட்டர் பெட்டி என்பது 1000 அடி. 100 மீட்டர் என்பது 328 அடி. ராக்கில் 3 மீட்டர், கேபினில் 5 மீட்டர் பேட்ச் கார்டு (கருவியைச் செருகும் இணைப்புக் கம்பி). மொத்தம் 126 மீட்டர்.

எண் அழிந்திருந்தால் சாதாரண மல்டிமீட்டரே போதும். இரு முனையையும் சுவிட்சிலிருந்து கழற்றிவிட வேண்டும். பிஓஇ ஓடும் லைனில் ஓம் அளக்கக் கூடாது. ஒரு முனையில் நீலம், நீலவெள்ளை இரண்டையும் முறுக்கிச் சேர்த்துவிட்டு மறுமுனையில் அவ்விரண்டுக்கும் இடையே ஓம் பார்க்க வேண்டும். மீட்டரின் இரண்டு முனைகளையும் தொட வைத்தால் காட்டும் 0.2, 0.3 ஓமைக் கழித்துவிடலாம். 20 டிகிரியில் 100 மீட்டர் தூய செம்புக் கேபிளுக்கு இந்தச் சுற்று மின்தடை, 24 ஏடபிள்யூஜி (தடிமன் எண்; எண் கூடினால் கம்பி மெல்லியது) கம்பி என்றால் சுமார் 17 ஓம், 23 ஏடபிள்யூஜி என்றால் சுமார் 13.5 ஓம். வெயிலில் கிடக்கும் கேபிளில் ஒவ்வொரு பத்து டிகிரிக்கும் நான்கு சதவீதம் கூடும்.

இந்த லைன் உறையில் 23 ஏடபிள்யூஜி என்று அச்சு. 118 மீட்டருக்கு 16 ஓம் வர வேண்டும். காலை வெப்பத்தையும் முறுக்கலையும் சேர்த்தால் 17. மீட்டர் காட்டியது 25.4. செம்பாக இருந்தால் இந்த ஓமுக்கு 175 மீட்டருக்கு மேல் நீளம் வேண்டும். உறையில் எண் 118 என்று சொல்கிறது. அப்படியானால் உள்ளே இருப்பது செம்பு அல்ல: சிசிஏ, அதாவது செம்பு முலாம் பூசிய அலுமினியம். கம்பியைப் பிளேடால் சுரண்டியதும் உள்ளே வெள்ளையாகத் தெரிந்தது.

சிசிஏ பற்றி ஒரு வார்த்தை

சிசிஏ கம்பியில் கிகாபிட் எப்படி ஓடியது என்று கேட்கலாம். 100 மெகாஹெர்ட்ஸ் சிக்னல் கம்பியின் மேல்தோலில் சில மைக்ரான் ஆழத்துக்குள்தான் ஓடும். அந்த ஆழத்தில் செம்பு முலாம் இருக்கிறது. எனவே உயர் அலைவெண்ணில் மட்டும் பார்த்தால் சிசிஏ நினைக்கும் அளவுக்கு மோசமில்லை. இடி விழுவது கீழ் அலைவெண்களிலும் நேர்மின்சாரத்திலும். பிஓஇ-யின் மின்சாரத்தில் பெரும்பகுதி அலுமினியம் வழியாகப் போகிறது. மின்தடை ஒன்றரை மடங்கு. போதாததற்குக் கம்பி சற்று வளைத்தாலே முறியும், சாக்கெட்டில் பஞ்ச் செய்து பதித்த இடத்தில் நாளாக ஆகத் தொடுகை தளரும். கேபிள் தரநிலைகளான டிஐஏ-568, ஐஎஸ்ஓ/ஐஇசி 11801 இரண்டுமே இதை ஏற்பதில்லை.

கடையில் வாங்கும்போதே பிடிக்க எளிய வழி எடை. 23 ஏடபிள்யூஜி கம்பி எட்டு, 305 மீட்டர் நீளம்: கணக்குப் போட்டால் செம்பு மட்டுமே 5.6 கிலோ. 24 ஏடபிள்யூஜி என்றால் 4.5 கிலோ. அதன் மேல் காப்பு, உறை, நடுவில் உள்ள பிளாஸ்டிக் குறுக்கு எல்லாம் சேர வேண்டும். கேட்6 என்று எழுதிய முழுப்பெட்டி தராசில் ஆறேழு கிலோவுக்குள் நின்றால் அதைத் திருப்பிக் கொடுத்துவிடலாம்.

100 மீட்டர் என்ற எண் எதற்கு

பழைய பாடங்களில் 100 மீட்டர் வரம்புக்கு மோதல் கண்டறிதலைக் காரணமாகச் சொல்வார்கள். எல்லாக் கருவிகளும் ஒரே லைனைப் பகிர்ந்து, இருவர் ஒன்றாக அனுப்பினால் மோதிய ஹப் காலத்தில் மொத்த நெட்வொர்க்கின் பரப்புக்கு அது வரம்பு வைத்தது உண்மை. 100 மெகாபிட்டில் இரண்டு ஹப் சேர்த்து முனைக்கு முனை 205 மீட்டர் என்ற கணக்கு அப்படி வந்தது. இன்றைய சுவிட்ச் நெட்வொர்க்கில் இரு திசையும் தனித்தனியே ஓடுகின்றன, மோதலே இல்லை. முறுக்குக் கம்பியில் 100 மீட்டரை நிர்ணயிப்பது சிக்னல் தேய்வதும், பக்கத்து ஜோடியிலிருந்து கசிவதும், இணைப்புகளில் எதிரொலிப்பதும்.

அந்த 100-ம் ஒரே துண்டு அல்ல. 90 மீட்டர் வரை சுவருக்குள் நிலையாக ஓடும் ஒற்றைக்கம்பிக் கேபிள், இரு பக்கமும் சேர்த்து 10 மீட்டர் பலபுரிக் கம்பி பேட்ச் கார்டு. பேட்ச் கார்டின் பலபுரிக் கம்பி அதே நீளத்துக்கு அதிகம் தேய்க்கும்: 24 ஏடபிள்யூஜி என்றால் 20 சதவீதம், மெல்லிய 26 ஏடபிள்யூஜி என்றால் 50 சதவீதம். அதனால் கணக்கு இப்படி: 102-லிருந்து நிலைக் கேபிளின் நீளத்தைக் கழித்து, வருவதை 1.2-ஆல் (26 ஏடபிள்யூஜி என்றால் 1.5-ஆல்) வகுத்தால் அனுமதிக்கப்படும் பேட்ச் கார்டு நீளம். 90 மீட்டர் நிலைக் கேபிள் என்றால் 10 மீட்டர். மெல்லிய கார்டு போட்டால் அதே இடத்தில் 8 மீட்டர்தான். நிலைக் கேபிள் 70 என்றால் கார்டு 27 மீட்டர் வரை போகலாம். கண்ணைக் கவரும் மெல்லிய பேட்ச் கார்டுகளில் பல 28 ஏடபிள்யூஜி. அவை ராக்கிற்குள் அரை மீட்டர், ஒரு மீட்டர் துண்டாக இருக்கலாம், மேசைக்கு ஓட விடக் கூடாது.

வரம்பு ஒரு சுவிட்சிலிருந்து அடுத்த கருவி வரை. ரவுட்டரிலிருந்து எண்ணத் தொடங்க வேண்டியதில்லை; நடுவில் சுவிட்ச் வந்தால் சிக்னல் புதிதாகப் பிறக்கிறது, எண்ணிக்கை பூஜ்யத்திலிருந்து தொடங்கும். இரண்டு துண்டை ஒட்டும் ஆர்ஜே45 ஜாயின்டர் அப்படி அல்ல. அது ஒரு இணைப்பு இழப்பைக் கூட்டுகிறதே தவிர எதையும் புதுப்பிப்பதில்லை.

வேகத்தைப் பொறுத்து வரம்பு மாறும். 1999-இல் வந்த 1000பேஸ்-டி, கேட்5இ-யில் 100 மீட்டர். 2016-இல் வந்த 2.5 கிகாபிட் கேட்5இ-யிலும், 5 கிகாபிட் கேட்6-லும் 100 மீட்டர். 10 கிகாபிட் கேட்6ஏ-யில் 100. கேட்6-இல் பக்கத்துக் கேபிள்களின் கசிவைப் பொறுத்து 37 முதல் 55 மீட்டர். கேட்8 கேபிளை "நீளம் அதிகம் போகும்" என்று நினைத்து வாங்குபவர்கள் உண்டு; அதன் முழு வரம்பே 30 மீட்டர், அது சர்வர் அறைக்கு. கேட்7 என்று எழுதிய கேபிள் வாங்கினாலும் கிகாபிட்டின் 100 மீட்டர் 110 ஆவதில்லை.

இது உத்தரவாத எல்லை. அதைத் தாண்டியதும் லிங்க் அணைந்துவிடும் என்று பொருளில்லை. இன்றைய சிப்களில் சமன்செய்யும் திறன் நன்றாக இருப்பதால் நல்ல செம்புக் கேபிளில் 110, 120 மீட்டரில்கூடக் கிகாபிட் விளக்கு எரியும். வெயில், பழைய பிளக், சுவிட்ச் மாற்றம் என்று ஏதாவது ஒன்று சேரும்போதுதான் கதை வெளிவரும்.

வெப்பத்தின் பங்கு

தரநிலையின் 90 மீட்டர் 20 டிகிரி செல்சியஸுக்கு. அதற்கு மேல் 40 டிகிரி வரை ஒவ்வொரு டிகிரிக்கும் 0.4 சதவீதம், 40-இலிருந்து 60 வரை 0.6 சதவீதம் தேய்வு கூடும் என்று கவசமில்லாக் கேபிளுக்குக் கணக்கு. எனவே 40 டிகிரியில் 90 மீட்டர் சுமார் 84 ஆகிறது, 50-இல் 79, 60-இல் 75. கவசமுள்ள கேபிளுக்கு டிகிரிக்கு 0.2 சதவீதம்தான், அதனால் கூரைக்கடியில் ஓடும் நீண்ட லைனுக்கு அது உதவும். சித்திரை வெயிலில் தகர ஷீட்டை ஒட்டி ஓடும் பைப்பின் உள்ளே 55 டிகிரி என்பது சாதாரணம்.

இந்த லைனுக்குப் போட்டுப் பார்த்தால்: 118 மீட்டர் நிலைக் கேபிள், 8 மீட்டர் கார்டு 1.2-ஆல் பெருக்கி 9.6. மொத்தம் 127.6. அனுமதி 102. அதாவது குளிர்ந்த இரவிலேயே கால் பங்கு மிகை. 55 டிகிரியில் 17 சதவீதம் சேர்த்தால் 149. நல்ல செம்பாக இருந்திருந்தாலும் 100 மெகாஹெர்ட்ஸில் இழப்பு 30 டெசிபலைத் தொடும். கேட்6-க்கு அனுமதி 21.3. மின்னழுத்தத்தில் சொன்னால் அனுப்பியதில் பன்னிரண்டில் ஒரு பங்கு வந்து சேர வேண்டிய இடத்தில் முப்பதில் ஒரு பங்குதான் வருகிறது.

லிங்க் 1000-லிருந்து 100-க்கு இறங்குவதற்கும் காரணம் உண்டு. கிகாபிட்டுக்கு நான்கு ஜோடியும் வேண்டும். 100 மெகாபிட்டுக்கு 1-2, 3-6 என்ற இரண்டு ஜோடி போதும், பேச்சுவார்த்தை நடப்பதும் அவற்றில்தான். "கிகாபிட் பேசலாம்" என்று இரு முனையும் ஒத்துக்கொண்ட பிறகு, லைனுக்கு ஏற்பத் தங்களைச் சரிசெய்துகொள்ளும் பயிற்சி தோற்றால், சில முயற்சிக்குப் பின் சிப் தானாக 100-க்கு இறங்கிவிடும். எப்போதும் 100-லேயே நிற்கும் லைனில் நீல ஜோடி (4-5) அல்லது பழுப்பு ஜோடி (7-8) எங்கோ அறுந்திருக்கலாம். வெயிலில் மட்டும் இறங்கினால் அது நீளம்.

தள்ளிவிட்ட வழிகள்

நடுவில் ஒரு சுவிட்ச் வைக்கலாம். தரநிலைப்படி சுத்தமான தீர்வுதான், ஆனால் நடுவழியில் மின்சாரமும் யுபிஎஸ்ஸும் வேண்டும், அந்தச் சுவிட்ச் அதே தகரக் கூரைக்கடியில் வேக வேண்டும். கேபிளிலிருந்தே மின்சாரம் எடுக்கும் பிஓஇ எக்ஸ்டெண்டர் அந்தப் பிரச்சினையைத் தீர்க்கும். ஒற்றைக் கேமராவுக்கு ஏற்றது, ஏழு கருவிகளின் மொத்தப் போக்குவரத்துக்கு நான் அதை நம்ப மாட்டேன்.

கேமரா சுவிட்சுகளில் பின்பக்கம் "எக்ஸ்டெண்ட்" என்றொரு சிறிய பொத்தான் இருக்கும், 250 மீட்டர் வரை என்று எழுதியிருப்பார்கள். அது போர்ட்டை 10 மெகாபிட்டுக்கு இறக்குகிறது, அவ்வளவுதான் மாயம். நொடிக்கு 4 மெகாபிட் அனுப்பும் ஒரு கேமராவுக்குத் தாராளம். பில்லிங் கேபினுக்கு ஆகாது. தெரியாமல் அந்தப் பொத்தான் தள்ளப்பட்டு "நெட் மெதுவாக இருக்கிறது" என்று அழைப்பு வருவதும் உண்டு.

பலரும் பிஓஇ மின்னழுத்த வீழ்ச்சியை முதல் குற்றவாளியாக்குவார்கள். போட்டுப் பார்த்தால் இங்கே அது இல்லை. பிஓஇ தரநிலையான 802.3ஏஎஃப் முறையில் ஒவ்வொரு திசைக்கும் இரண்டு கம்பி இணையாக ஓடும். இந்தச் சிசிஏ லைனிலும் மொத்தத் தடை 12.7 ஓம்தான், தரநிலை 20 ஓம் வரை தாங்கும். 48 வோல்ட்டில் 9 வாட் கேமரா 0.2 ஆம்பியர் இழுத்தால் வீழ்ச்சி இரண்டரை வோல்ட். பிரச்சினையே இல்லை. ஆனால் 12 வோல்ட் அடாப்டரைக் கேபிளின் உபரி ஜோடிகளில் செருகும் "பேசிவ்" முறையில் அதே லைனில் அரை ஆம்பியர் இழுத்தால் 6 வோல்ட் காணாமல் போகும். பகலில் ஓடி, இரவு அகச்சிவப்பு விளக்கு எரிந்ததும் அணைந்து அணைந்து வரும் கேமராக்களில் பெரும்பாலானவை இந்த வகை.

இரண்டு கட்டடம், இரண்டு தனி எர்த், நடுவில் திறந்தவெளி. தூரம் 60 மீட்டராக இருந்தாலும் இந்த இடத்தில் செம்பைத் தவிர்ப்பதே நல்லது. இடி மின்னலில் ஒரு கட்டடத்தின் எர்த் மட்டம் ஏறும்போது மற்றதை நோக்கி ஓட அதற்குக் கிடைக்கும் வழி நெட்வொர்க் கேபிள்தான். ஃபைபர் என்று முடிவானது.

வாங்கியவை

- 4 கோர் (நான்கு இழை) சிங்கிள்மோட் வெளிப்புறக் கேபிள், ஜி.652டி வகை, உலோகமில்லாமல் எஃப்ஆர்பி (இழை வலுவூட்டிய பிளாஸ்டிக்) வலுக்கம்பி உள்ளது: 140 மீட்டர். இரும்புக் கம்பி சேர்ந்த டிராப் கேபிள் மலிவு; ஆனால் எதற்காகச் செம்பை விட்டோமோ அதே மின்கடத்தல் அதில் திரும்ப வருகிறது.
- எல்சி/யூபிசி பிக்டெயில் (ஒரு முனையில் மட்டும் பிளக் உள்ள ஃபைபர் துண்டு) 8, ஸ்ப்ளைஸ் ஸ்லீவ் (ஃபைபரை ஒட்டிய இடத்தை மூடும் குழாய்) 12, அதில் நான்கு உபரி
- சுவரில் மாட்டும் டெர்மினேஷன் பெட்டி 2, எல்சி டூப்ளெக்ஸ் அடாப்டர் 4
- எல்சி டூப்ளெக்ஸ் பேட்ச் கார்டு 2 மீட்டர்: 2
- 1000பேஸ்-எல்எக்ஸ் எஸ்எஃப்பி (சுவிட்சில் செருகும் ஒளி மாடியூல்): 2, உபரி ஒன்று
- எஸ்எஃப்பி துளையுள்ள 8 போர்ட் பிஓஇ சுவிட்ச் கேபினுக்கு. ராக் சுவிட்சில் துளை ஏற்கெனவே இருந்தது.
- 25 மி.மீ. பிவிசி பைப், நைலான் இழுகம்பி
- தூய செம்பு கேட்6 ஒரு பெட்டி, கேபினிலிருந்து கேமராக்களுக்கு

சுவிட்சில் துளை இல்லாத இடத்தில், செம்பையும் ஃபைபரையும் இணைக்கும் மீடியா கன்வெர்ட்டர் ஜோடி போடலாம். ஒற்றை ஃபைபர் கன்வெர்ட்டர்களில் ஏ, பி என்று இரண்டு வகை: ஒன்று 1310 நானோமீட்டரில் அனுப்பி 1550-இல் வாங்கும், மற்றது தலைகீழ். இரண்டும் ஏ வாங்கிவிட்டால் எத்தனை முறை மாற்றிச் செருகினாலும் லிங்க் வராது.

140 மீட்டருக்கு மல்டிமோட் போதுமே என்றால் போதும். ஓஎம்2 வகை மல்டிமோட் கேபிளில் எஸ்எக்ஸ் மாடியூல் 550 மீட்டர் வரை ஓடும். ஆனால் வீட்டு இணைய இணைப்புகள் பரவியதால் இங்கே சிங்கிள்மோட் கேபிளும் அதை ஸ்ப்ளைஸ் செய்யும் ஆட்களும் எளிதில் கிடைக்கிறார்கள். பின்னாளில் 10 கிகாபிட் வேண்டுமென்றால் இரு முனையிலும் மாடியூலை மாற்றினால் போதும், கேபிளைத் தொட வேண்டாம்.

இழுத்ததும் ஒட்டியதும்

பழைய கேபிளையே இழுகம்பியாக வைத்துப் புதியதை இழுக்கும் ஆசை வரும். சிசிஏ நடுவில் முறியும். முறிந்தால் பைப்புக்குள் இரண்டும் சிக்கும். பழைய பைப் வெயிலில் வெளுத்து மூட்டுகளில் விரிசல் விட்டிருந்ததால் புதிய பைப் ஷீட்டிலிருந்து கீழே இறக்கிச் சுவரை ஒட்டிப் போடப்பட்டது. வளைவுகளில் எல்போ வேண்டாம், நீள்வளைவு போட வேண்டும். ஜி.652டி ஃபைபரை 30 மி.மீ. ஆரத்துக்குக் கீழ் வளைத்தால் ஒளி கசியும். இழுக்கும்போது எஃப்ஆர்பி கம்பியைத்தான் இழுகம்பியில் கட்ட வேண்டும், உறையை அல்ல. இரு முனையிலும் எட்டெட்டு மீட்டர் சுருள் விடப்பட்டது; 118-உடன் 16 சேர்த்து 134, மிச்சம் பைப் வளைவுகளுக்கு.

கோர் வரிசை நீலம், ஆரஞ்சு, பச்சை, பழுப்பு. நீலமும் ஆரஞ்சும் வேலைக்கு. பச்சையும் பழுப்பும் உபரி, அவையும் இப்போதே ஒட்டி மூடி போட்டு வைக்கப்பட்டன. ஸ்ப்ளைஸ் மெஷின் வந்திருக்கும்போது நான்கையும் ஒட்டுவதற்கு ஆகும் கூடுதல் நேரம் சொற்பம்.

ஒட்டுவதற்கு முன் ஸ்லீவை ஃபைபரில் கோத்துவிட வேண்டும். ஒட்டிய பிறகு நினைவு வந்தால் வெட்டி மறுபடி தொடங்க வேண்டியதுதான். மேல்பூச்சை உரித்து, ஐசோபுரொபைல் ஆல்கஹாலில் நனைத்த துணியால் துடைத்து, கிளீவரில் வெட்டியபின் அந்த முனையை எதிலும் தொடக் கூடாது, மறுபடி துடைக்கவும் கூடாது. மெஷின் காட்டும் இழப்பு மதிப்பீடு 0.1 டெசிபலைத் தாண்டினால் வெட்டி மீண்டும். இங்கே எட்டும் 0.05-க்குள் அமைந்தன.

ஒளி இழப்பின் வரவுசெலவு: ஃபைபர் 0.14 கி.மீ.-க்கு 0.06 டெசிபல், ஸ்ப்ளைஸ் இரண்டுக்கு 0.2, அடாப்டர் இணைப்பு இரண்டுக்கு 1.0. மொத்தம் 1.3-க்குள். எல்எக்ஸ் தரநிலையில் குறைந்தபட்ச அனுப்புதிறனுக்கும் வாங்கும் எல்லைக்கும் இடைவெளி 8 டெசிபல். தாராளம். தூரம் குறைவு என்பதால் ஒளி மிகுந்து வாங்கி கெட்டுவிடுமோ என்ற பயம் எல்எக்ஸ்-க்கு வேண்டாம். அதன் உச்ச அனுப்புதிறனை அதுவே தாங்கும். 40, 80 கி.மீ. மாடியூலை இப்படிக் கிட்டத்தில் போட்டால்தான் ஒளியைக் குறைக்கும் அட்டெனுவேட்டர் வேண்டும்.

செருகியதும் லிங்க் வரவில்லை என்றால் முதலில் ஒரு முனையில் டூப்ளெக்ஸ் கிளிப்பைப் பிரித்து இரண்டு எல்சி-யையும் இடம் மாற்றிப் பார்க்க வேண்டும்: ஒருவரின் அனுப்பும் ஃபைபர் மற்றவரின் வாங்கும் துளைக்குப் போக வேண்டும். அப்படியும் இல்லையென்றால் சிவப்பு லேசர் பேனா. வளைவில் சிவப்பு கசிந்தால் அங்கே நெரிபடுகிறது. கேபிள் டையை இறுக்கியதுதான் வழக்கமான காரணம். பேனாவை நேராகப் பார்க்கக் கூடாது. எஸ்எஃப்பி-யின் ஒளி கண்ணுக்கே தெரியாது என்பதால் அதைப் பார்க்கவே கூடாது. பிறகு அழுக்கு: புதுப் பொட்டலத்திலிருந்து எடுத்த கார்டின் முனையிலும் தூசி இருக்கும், கிளீனர் பேனாவால் ஒருமுறை துடைத்துச் செருக வேண்டும். பச்சை நிற ஏபிசி முனையை நீல நிற யூபிசி அடாப்டரில் செருகுவது இன்னொரு சகஜமான தவறு. ஏபிசி-யின் முகம் 8 டிகிரி சாய்வு. இரண்டும் முழுதாகத் தொடாது, இழப்பு சில டெசிபல் ஏறும், முகமும் கீறும்.

இந்தத் தூரத்துக்கு ஓடிடிஆர் (ஃபைபரில் கோளாறு எங்கே என்று காட்டும் கருவி) தேவையில்லை. பவர் மீட்டரோ, எஸ்எஃப்பி-யே சுவிட்சில் காட்டும் அளவோ போதும்: அனுப்புவது மைனஸ் 5.8, மறுமுனையில் வாங்குவது மைனஸ் 7.0 டிபிஎம். வித்தியாசம் 1.2. கணக்கோடு பொருந்துகிறது.

கேபினுக்குள் செம்பு

கேமரா லைன்கள் 24, 38, 52, 71 மீட்டர். கூரைக்கடியில் 55 டிகிரிக்கு நிலைக் கேபிளின் எல்லை 77 மீட்டர் என்று வைத்துக்கொண்டால் 71 உள்ளே நிற்கிறது. மின்சார வயர்கள் ஓடும் பைப்பிலிருந்து ஒரு அடி தள்ளி, குறுக்கிடும் இடத்தில் செங்குத்தாக. கீஸ்டோன் சாக்கெட்டில் ஜோடியின் முறுக்கைப் பிரிப்பது 13 மி.மீ.-க்குள். 23 ஏடபிள்யூஜி கம்பிக்குக் கேட்5இ பிளக் பொருந்தாது. கம்பி உள்ளே போகாமல் மடங்கும், அல்லது பாதியில் நின்று பற்கள் காப்பை மட்டும் கடிக்கும்.

நிற வரிசை இரு முனையிலும் டி568பி என்ற முறை. ஆரஞ்சுவெள்ளை-ஆரஞ்சு, பச்சைவெள்ளை-பச்சை என்று கண்ணுக்கு அழகாக ஜோடி ஜோடியாக 1 முதல் 8 வரை அடுக்கிக் கிரிம்ப் செய்தவற்றைக் குறைந்த விலை விளக்கு டெஸ்டர் "சரி" என்றே காட்டும். 1 முதல் 8 வரை தொடர்ச்சி இருக்கிறதே. ஆனால் 3-6 ஜோடி இரண்டு வெவ்வேறு முறுக்குகளிலிருந்து வருகிறது, கசிவை அடக்கும் முறுக்கு இல்லாமல் போகிறது. இரண்டு மீட்டர் கார்டில் தெரியாது. 40, 50 மீட்டரில் பாக்கெட் விழத் தொடங்கும். நீளம் வரம்புக்குள் இருந்தும் பிழை வரும் லைனில் பிளக்கின் நிற வரிசையைக் கண்ணால் பார்ப்பது டெஸ்டரைவிட வேகம்.

சோதனை

வேகம் அளக்கும் ஐபெர்ஃப்3 மென்பொருளை இரு திசையிலும் ஓட்டியதில் நொடிக்கு 941 மெகாபிட். 1500 பைட் பாக்கெட்டில் கிகாபிட்டுக்கு அதுவே உச்சம். 94 என்று வந்தால் எங்கோ 100-இல் பேசுகிறது என்று பொருள். வேகத்தைவிட முக்கியம் சுவிட்ச் போர்ட்டின் சிஆர்சி எண்ணி (கெட்டு வந்த பாக்கெட்டுகளின் எண்ணிக்கை). பழைய லைனில் மதியம் அது நிமிடத்துக்கு நிமிடம் ஏறியது. புதியதில் உச்சி வெயிலில் ஐபெர்ஃப் தொடர்ந்து ஓடியபோதும் பூஜ்யம். 1000பேஸ்-டி தரநிலை ஆயிரம் கோடி பிட்டுக்கு ஒரு பிழை வரை அனுமதிக்கிறது, அதாவது முழு வேகத்தில் பத்து நொடிக்கு ஒன்று. நல்ல செம்பு லைனும் நடைமுறையில் மணிக்கணக்கில் பூஜ்யத்திலேயே நிற்கும். எனவே செம்புப் போர்ட்டில் எண்ணி மெல்ல ஏறினாலும் அதைச் சாதாரணம் என்று விடக் கூடாது. நான்கு கேமரா போர்ட்டிலும் இதே அளவு காலையிலும் மதியமும் எடுக்கப்பட்டது. சோதனையைக் காலையில் மட்டும் முடித்துக் கையெழுத்து வாங்கினால் பழைய லைனும் தேறியிருக்கும்.

பெட்டி மூடியின் உட்புறம் ஒட்டிய சீட்டில்: கோர் நிறமும் போர்ட் எண்ணும், அனுப்பும் வாங்கும் டிபிஎம் அளவு, ஒவ்வொரு கேமரா லைனின் தொடக்க, முடிவு மீட்டர் எண், ஜோடி ஓம்.

பழைய 118 மீட்டர் கேபிளை "இன்டர்காமுக்கு ஆகும், கிடக்கட்டும்" என்று இரு முனையும் ராக்கில் விட்டுவைக்கக் கூடாது. அது மாட்டியிருக்கும் வரை இரண்டு கட்டடத்தின் எர்த்துக்கும் நடுவே செம்பும் அலுமினியமும் பாலமாக நிற்கிறது, ஃபைபர் போட்டதன் பாதிப் பயன் போய்விடும். உருவ முடிந்த பகுதியை உருவி, பைப்பில் சிக்கிய மீதியை இரு முனையிலும் வெட்டிக் காப்பு டேப் சுற்றி, கருவி எதிலும் படாமல் சுவரோடு விடப்பட்டது.